கிழிந்த ஏடும் கைப்பக்குவமும்: ‘வெண்பா’ விளையாட்டு குறித்து

கணினி விளையாட்டைத் திறனாய்வுக்குரிய பனுவலாக ஏற்பதில் தமிழ்த்துறைகளுக்கு இன்னும் தயக்கம் உண்டு. அத்தயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கையடக்கக் கருவிகளின் வழிப் பரவிய புதிர் விளையாட்டுகளுள் பெரும்பாலானவை மொழியற்றவை. 1989இல் கேம்பாய் கருவிக்கு வந்த தெட்ரிசு தொடங்கி, கட்டங்களை அடுக்குவதும் நிறங்களை இணைப்பதுமே அவற்றின் பொருளாக இருந்தன. அவற்றினுள் ஒரு சமுதாயத்தைத் தேடுவோர் வெறுங்கையோடுதான் திரும்புவர். 2023 சூலை 31இல் வெளிவந்த ‘வெண்பா’ அவ்வரிசையில் சேர்ந்தும் சேராமலும் நிற்கிறது.

டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் இதனை ஆக்கினர். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகிய மூவரே கதைமாந்தர். தாய் தந்த சமையற் குறிப்பேடு ஒன்று வெண்பாவிடம் இருக்கிறது. அதன் பக்கங்கள் கிழிந்தும் கறைபட்டும் உள்ளன. விடுபட்ட படிகளை ஊகித்துச் சமைத்து முடிப்பதே ஆடுபவரின் வேலை. ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது இதற்குக் கிடைத்தது. கணினியிலும் தொலைக்காட்சியோடு இணைக்கும் கருவிகளிலும் இது கிடைக்கிறது என்றாலும், நாம் நிண்டெண்டோ சுவிட்சு என்னும் கையடக்கக் கருவியிலேயே ஆடினோம். ஏட்டைக் கையில் விரித்துப் பிடித்திருக்கும் உணர்வு அவ்வடிவில்தான் வாய்க்கிறது. அறைச்சுவர் அளவுக்குப் பெரிய திரையில் அது வெறும் படமாகிவிடும்.

பெயர்ப்பொருத்தம் நோக்கத்தக்கது. வெண்பா தளை தட்டக் கூடாத யாப்பு. ஈற்றடி மூன்று சீராய், நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றுள் ஒன்றால் முடிதல் வேண்டும். ஈற்றடியைக் கொடுத்து ஏனைய அடிகளைப் பாடச் சொல்லும் புலவர் அவைப் புதிருக்கு இவ்யாப்பு மிகவும் ஏற்றது. இவ்விளையாட்டும் அத்தகையதே. இட்டலித் தட்டுகளை அடுக்கும்போது ஆவி மேலேறத் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும் என்பதை ஏடு சொல்லாது. ஆடுபவரே கண்டறிய வேண்டும். புட்டுக்கு மாவையும் தேங்காய்ப்பூவையும் மாற்றி மாற்றி இடும் முறையும் அப்படித்தான். தவறினால் தண்டனை இல்லை, மீண்டும் முயலலாம். சிதைந்த சுவடிகளை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் பணியை இது நமக்கு நினைவூட்டியது. சற்று மிகையான ஒப்புமைதான். எனினும் ஆடுபவரைப் பதிப்பாசிரியர் இடத்தில் அமர்த்தும் விளையாட்டு வேறொன்றை நாம் கண்டதில்லை.

நம் கருத்து வேறுபாடும் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. பதிப்பிக்க ஓர் ஏடு வேண்டும். பேரா மாநிலத்துத் தோட்டங்களில் அத்தகைய ஏடு எத்தனை வீடுகளில் இருந்தது? விடியுமுன் உலை வைத்து, சோற்றைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரக் காட்டுக்கு ஓடிய பெண்களுள் பலர் எழுதப் படிக்க வாய்ப்பற்றவர்கள். அவர்களது சமையல் கண்பார்த்துக் கைபழகிய கல்வி. இரப்பர் செம்பனைக்கு இடம்விட்டு, லயங்கள் தகர்ந்து, குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களுக்கும் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களுக்கும் சிதறியபோது, கிழிந்த பக்கம்கூட எஞ்சவில்லை. வெண்பாவின் துயரம் மெய்யானது. ஆனால் கிழிந்த ஏடு வைத்திருப்பதும் ஒரு செல்வம் என்பதை அவ்விளையாட்டு அறிந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. புதிருக்கு ஒரே விடை. ஏட்டின் மூலவடிவமே அவ்விடை. புலம்பெயர்ந்தோர் அடுக்களை அவ்வாறு இயங்கியதில்லை. 1941 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகவே, மரவள்ளி சோற்றின் இடத்தைப் பிடித்தது. வறுமைக்கு உண்ட அக்கிழங்கைப் பின்னர் விரும்பி உண்டவர்களும் உளர். ஈப்போ புந்தோங்கில் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் முறுக்கும் கடலையும் பொரித்து விற்றன. இன்று அவை ‘கச்சாங் பூத்தே’ என்னும் மலாய்ப் பெயரால் நாடெங்கும் அறியப்படுகின்றன. விடுபட்ட இடத்தை வேறொன்றால் நிரப்பி, அதனையே தம் உணவாக்கிக் கொண்ட வரலாறு இது. யாப்பின் மொழியில் சொன்னால் தளை தட்டியது. ஆயினும் பாட்டு நின்றது. ‘வெண்பா’வில் அத்தகைய பாட்டுக்கு இடமில்லை, தவறான அடுக்கு தவறாகவே ஒதுக்கப்படுகிறது.

இவ்வாறு கூறுவதால் இதன் சிறப்பை நாம் குறைத்து மதிப்பதாகக் கொள்ளலாகாது. வளர்ந்த கவின் தானே சமைக்க முற்படும் பகுதி நம்மைப் பெரிதும் பாதித்தது. பாட்டியின் எழுத்து அவனுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. அதுவரை அழுக்கும் கிழிசலும் புதிராயிருந்தன. அங்கே மொழியே புதிராகிறது. தேசியப் பள்ளியில் பயின்று, வீட்டில் தமிழ் கேட்டு மலாயிலோ ஆங்கிலத்திலோ விடையிறுக்கும் பிள்ளைகளை உடைய எந்தப் பெற்றோரும் அப்பகுதியை எளிதாகக் கடந்துவிட இயலாது.

புந்தோங்கில் உறவினர் வீடொன்றில், பத்து வயதுப் பேரன் இவ்விளையாட்டின் புட்டுப் பகுதியை ஆடிக்கொண்டிருந்தான். தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிறிது நேரம் பார்த்திருந்தார். குழலில் மாவு அடுக்கடுக்காக விழுவதைக் கண்டு, “மாவு பெசறுனத காட்டவே இல்லையேய்யா. பிடிச்சா பிடிபடணும், உதுத்தா உதுரணும். அதுல தானே புட்டு இருக்கு” என்றார். எவ்வளவு தண்ணீர் என்று பேரன் கேட்டான். பாட்டி அளவு ஏதும் சொல்லவில்லை. உள்ளங்கையை நீட்டி, விரல்களை மெல்ல மடக்கிக் காட்டினார். பேரன் கருவியைக் கீழே வைத்துவிட்டு அதேபோல மடக்கிப் பார்த்தான்.