பூனைக்கு ஒரு பாட்டு

பூனையைப் பாடிய விளையாட்டுக் கவிதைகளைக் காலவரிசையில் வைத்துப் படித்தால், அவற்றில் சிறந்தவை பெரும்பாலும் பதிப்பாளரை நினைத்து எழுதப்பட்டவை அல்ல என்பது புலப்படும். பிள்ளைக்கு, நண்பனுக்கு, கடவுளுக்கு, தனக்கே என்று எழுதி வைத்தவை. அந்த நெருக்கத்திலிருந்தே அவற்றின் அழகு பிறக்கிறது என்பேன்.

9-ஆம் நூற்றாண்டில், தாய்நாட்டை விட்டு ஐரோப்பாவின் நடுப்பகுதியில் வாழ்ந்த ஐரிஷ் துறவி ஒருவர் தம் பாடக் குறிப்பேட்டில் எட்டு நாலடிச் செய்யுள்கள் கொண்ட ஒரு பாட்டை எழுதினார். பாங்குர் பான் என்ற வெள்ளைப் பூனை எலி தேடுகிறது. அதே அறையில் அவர் ஏட்டுக்குப் பொருள் தேடுகிறார். ஒருவர் வேலைக்கு மற்றவர் இடைஞ்சல் இல்லை. எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பூனையின் பெயர் நிலைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் கவிஞர் ஆடன் அந்தப் பாட்டை ஆங்கிலத்தில் தந்தார். பின்னர் கவிஞர் ஹீனியும் தந்தார்.

1747-இல் தாமஸ் கிரே, நண்பர் ஹொரஸ் வால்போலின் பூனை செலிமா மீன் தொட்டியில் விழுந்து இறந்ததற்காக ஒரு பாட்டு எழுதினார். காவிய நடையைப் பூனையின் சாவுக்குப் பயன்படுத்தியதில் நகைச்சுவை பிறக்கிறது. ஆனால் முடிவில் அது பெண்களுக்குச் சொல்லும் புத்திமதியாகிவிடுகிறது, பூனை மறைந்துபோகிறது. எனக்கு அது பெரிய குறை.

அந்தக் குறை இம்மியும் இல்லாதவர் கிறிஸ்டோபர் ஸ்மார்ட். மனநோயாளி என்று அடைத்து வைக்கப்பட்டிருந்த காலத்தில், 1759-க்கும் 1763-க்கும் இடையே, நீண்ட துதிப்பாடல் ஒன்றை எழுதிவந்தார். அதில் எழுபதுக்கு மேற்பட்ட வரிகள் ஜெஃப்ரி என்ற அவருடைய பூனைக்கு உரியவை. காலையில் எழுந்த பூனை முன்னங்கால் சுத்தமா என்று பார்க்கிறது, சோம்பல் முறிக்கிறது, மரத்தில் நகம் தீட்டுகிறது, உடம்பை நக்கிக் கழுவுகிறது, புரள்கிறது, தெள்ளுப்பூச்சி பார்க்கிறது. இப்படிப் பத்துச் செயல்களை வரிசை எண்ணோடு சொல்லி, ஒவ்வொன்றையும் வழிபாடாகவே காண்கிறார். ஏழு எலிகளில் ஒன்று தப்பிவிடும், ஏனெனில் ஜெஃப்ரி விளையாடி அதற்கு வாய்ப்புத் தருகிறது என்கிறார். பூனை வளர்த்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். அடுத்த வரியில் கண் கலங்குவார்கள். ஸ்மார்ட் 1771-இல் கடனாளிச் சிறையில் இறந்தார். பாடல் 1939-இல்தான் அச்சேறியது. நான்கு ஆண்டுகளில் பெஞ்சமின் பிரிட்டன் அதன் பகுதிகளுக்கு இசையமைத்தார். ஜெஃப்ரியைப் பாடுவது தனிக்குரல்.

எட்வர்ட் லியரின் ஆந்தையும் பூனையும் பச்சைப் படகேறிக் கல்யாணம் செய்துகொள்ளப் போன கதை, நோயுற்றிருந்த ஒரு சிறுமிக்காக எழுதப்பட்டது.

ஸ்மார்ட்டின் நூல் வெளிவந்த அதே 1939-இல் டி. எஸ். எலியட்டின் பூனைப் பாடல்களும் நூலாயின. ‘பாழ்நிலம்’ எழுதிய கவிஞர் தம் ஞானப்பிள்ளைகளுக்குக் கடிதங்களில் அனுப்பியவை அவை. ரயில் பூனை, நாடகக் கொட்டகைப் பூனை, மாயமாகும் திருட்டுப் பூனை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம், அதற்கேற்ற சந்தம். கனமான கவிதையில் அவர் பழகிய யாப்புத் திறமை முழுவதும் இங்கே செலவாகியிருக்கிறது. இளைப்பாறலுக்காக எழுதியதென்று ஒதுக்குவோர் இதைக் கவனிப்பதில்லை. 1981-இல் இவை லண்டனில் இசை நாடகமாகி 21 ஆண்டுகள் ஓடின.

தமிழில் கம்பர் தம் காவியத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை முழுதும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைச் சொல்கிறார். இதைவிட இனிய பூனைச் சிரிப்பு வேறு மொழியில் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. பாரதியின் ‘முரசு’ பாட்டில் வெள்ளைப் பூனை பல நிறக் குட்டிகளை ஈன்று மனித சமத்துவத்துக்குச் சாட்சி சொல்கிறது. இரண்டிலும் பூனை வேறொன்றைச் சொல்ல வந்தது. ஜெஃப்ரியைப் போல, தனக்காகவே உற்றுப் பார்க்கப்பட்ட ஒரு வீட்டுப் பூனைக்குத் தமிழில் நீண்ட பாட்டு வேண்டும். வீட்டில் பூனை வளர்க்கும் கவிஞர்கள், வருகிற ஏதேனும் ஒரு பிறந்தநாளுக்கு, வீட்டுப் பிள்ளைக்குப் பரிசாக அதை எழுதித் தாருங்கள்.