வார்னிஷுக்கு அடியில் ஒரு பெயர்

அமெரிக்காவில் கையால் செய்யப்படும் மூங்கில் தூண்டில் கம்புகளில், கார்க் கைப்பிடிக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கம்பின் நீளம், அதற்கு ஏற்ற நூலின் எண், செய்தவர் பெயர். சில சமயம் யாருக்காகச் செய்தாரோ அவர் பெயரும். இதையெல்லாம் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வாசிக்கலாம் என்பது என் கட்சி. நல்ல எழுத்தும் மோசமான எழுத்தும் அங்கேயும் உண்டு. மோசமானதுதான் அதிகம்.

முதலில் இந்தப் பக்கத்தின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெற்குச் சீனாவின் குவாங்டோங் பகுதியில் விளையும் ‘டோங்கின்’ மூங்கிலைப் பிளந்து, ஆறு பிளாச்சுகளை முக்கோணமாக இழைத்து, ஒன்றாக ஒட்டினால் அறுகோணக் கம்பு கிடைக்கும். (டோங்கின் வருவதற்கு முன்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், ‘கல்கத்தா’ என்ற பெயரில் நம் பக்கத்து மூங்கில்தான் போய்க்கொண்டிருந்தது.) இழைப்பு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் நடக்கும். கடைசியில் எழுதக் கிடைப்பது அரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு முகம். வெறும் மூங்கிலில் எழுதினால் மை நாரோடு ஓடிவிடும். அதனால் ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து, அதன் மேல் மெல்லிய நிப்பால் இந்தியன் இங்க்கில் எழுதி, நன்றாகக் காயவிட்டு, மறுபடியும் வார்னிஷ் பூசுவார்கள். மேல்பூச்சுக்கு முன்பு தப்பு வந்தால் துடைத்துக்கொள்ளலாம். பூசிய பிறகு வந்தால் வந்ததுதான். எந்த எழுத்தாளனுக்கும் கிடைக்க வேண்டிய கண்டிப்பு.

பழைய பட்டறைகளுக்கு இந்தத் தயக்கம் இருக்கவில்லை. மெய்ன் மாநிலத்துக்காரரான ஹைரம் லெனார்டின் கம்புகளில் உலோகத்தில் முத்திரை அடித்திருப்பார்கள்: செய்தவர் பெயர், 1875, 1878 என்று காப்புரிமை ஆண்டுகள். வாங்குபவரோடு அதற்குப் பேச்சே கிடையாது. 1950இல் சீனாவுடனான வணிகத்தை அமெரிக்கா தடை செய்தது. மூங்கில் வரத்து நின்றது, கண்ணாடியிழைக் கம்பு சந்தையைப் பிடித்தது. மூங்கில் வேலை பெருமளவு தனி ஆட்களின் கைக்குப் போனது. எவரெட் கேரிஸன் என்ற பொறியாளரின் முறையை ஹோகி கார்மைக்கேல் விரிவாகப் பதிவு செய்த புத்தகம் கேரிஸன் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1977இல் வந்தது. அதைப் பார்த்து வீட்டுக் கொட்டகையில் இழைக்க ஆரம்பித்தவர்கள் நிறைய பேர். வருஷத்துக்கு நாலைந்து கம்பு செய்கிறவருக்கு அது யார் கைக்குப் போகிறது என்று தெரியும். பெயர் எழுதுவது அங்கே இயல்பாகிவிடுகிறது.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெயரோடு நிறுத்தாமல் வாழ்த்து எழுத ஆசை வருகிறது. ‘உலகின் சிறந்த அப்பாவுக்கு’ என்ற ரகம். காபிக் கோப்பையில் அச்சடிக்கிற வாசகத்தை நாற்பது ஐம்பது மணி நேர உழைப்பின் மேல் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்பு பொய் என்று சொல்லவில்லை. அந்த அன்பு ஏற்கனவே இழைப்பில் இருக்கிறது, அதற்கு அடைமொழி எதற்கு? நம் பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுகிறவரிடம் இந்த விவேகம் உண்டு. கொடுப்பவர் பெயர், தேதி, முடிந்தது. ஐம்பது வருஷம் கழித்து அந்தக் குடத்தைக் கவிழ்த்து வைக்கிறவருக்கு அது போதும்.

சேகரிப்பாளர்களின் வாதம் வேறு. தெரியாத ஒருவரின் பெயர் கம்பின் மதிப்பைக் குறைக்கும் என்பார்கள். ஹெமிங்வே, ஐசன்ஹோவர் கம்புகளை வெர்மான்ட்டில் உள்ள அமெரிக்க ஃப்ளை ஃபிஷிங் அருங்காட்சியகம் பாதுகாக்கிறது. பெயர் பெரிதானால் அதே மை சொத்தாகிவிடுகிறது! பழுதுபார்க்கும்போது பழைய வார்னிஷை உரித்தால் எழுத்தும் போய்விடும். சிலர் செய்தவரின் கையெழுத்தையே பார்த்துத் திரும்ப எழுதிவிடுகிறார்கள். ‘மீட்டெடுப்பு’ என்று அதற்குப் பேர் வைத்தாலும், சொல்லாமல் செய்தால் அது கள்ளக் கையெழுத்துதான். செய்தவர் உயிரோடு இல்லை என்பதால் மட்டுமே அது சாத்தியமாகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர், கொட்டகை ஆசாமிதான், பழைய சாமான் விற்பனையில் ஒரு கம்பு வாங்கினார். வார்னிஷ் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. கைப்பிடிக்கு மேல் பாதி மங்கிய ஒரு பெயரும் ஆண்டும்.

“யாரு இந்த ஆளுன்னே தெரியாது. சொரண்டிட்டு எம் பையன் பேரப் போட்டுடலாம்னு பாக்குறேன்” என்றார்.

“காசு குடுத்தது நீங்க, சொரண்டுனா யாரும் கேக்கப் போறதில்ல” என்றேன். “ஆனா கம்புக்கு ஆறு முகம் இருக்கே. அஞ்சு காலியாத்தானே கெடக்கு?”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மொத்தக் கம்பையும் உரித்தவர் அந்த மூன்று அங்குலத்தை மட்டும் தொடவில்லை. அதைப் புதிய வார்னிஷால் மூடி, பக்கத்து முகத்தில் பையன் பெயரை எழுதினார். வாழ்த்து எதுவும் இல்லை. எழுத்து சற்றுக் கோணல். கிட்டப் போய்ப் பார்த்தால் பழைய வார்னிஷும் புதியதும் சேருகிற கோடு தெரிகிறது. சாயம் கலந்து அதை மறைத்திருக்க முடியும். அவர் மறைக்கவில்லை, எனக்கு அது பிடித்திருக்கிறது.