தாக்க மதிப்பீட்டில் பண்புசார் ஆய்வுமுறை: இரு ஊட்டச்சத்துத் திட்டங்கள் தரும் பாடம்

முன்னுரை

ஒரு திட்டம் பயன் தந்ததா என்பதை எண்கள் கூறும். ஏன் தந்தது, ஏன் தரவில்லை என்பதைக் கூற அவை மட்டும் போதா. எனினும், தாக்க மதிப்பீட்டு ஆய்வுகள் பலவற்றில் பண்புசார் ஆய்வுமுறை, அட்டவணைகளுக்குப் பின் இணைக்கப்படும் இரண்டு மூன்று பயனாளிகளின் கதைகளாகச் சுருங்கிவிடுகிறது. இப்போக்கின் குறையைத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு சான்று கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு திட்டங்கள்

உலக வங்கியின் கடனுதவியுடன் 1980இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், குழந்தைகளின் எடை வளர்ச்சியைக் கண்காணித்து, தேவைப்பட்டோருக்குத் துணை உணவும் தாய்மார்களுக்கு அறிவுரையும் வழங்கியது. அதன் வெற்றியை முன்மாதிரியாகக் கொண்டு 1995இல் வங்கதேசத்தில் தொடங்கப்பட்ட திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. உலக வங்கியின் 2005ஆம் ஆண்டு மதிப்பீடு சுட்டிய காரணங்களுள் ஒன்று, அறிவுரை சென்று சேர்ந்த இடம் பற்றியது. அறிவுரை பெற்றவர் தாய். கடைக்குச் சென்று உணவுப்பொருள் வாங்கியவர் பெரும்பாலும் ஆண். கூட்டுக்குடும்பத்தில் சமையலறை அதிகாரம் மாமியாரிடம் இருந்தது.

இங்கு ஆய்வுமுறையின் வரிசை கருதத்தக்கது. குடும்ப அதிகாரம் பற்றிய மானிடவியல் அறிவே மாமியாரைக் குறித்த வினாவை எழுப்பியது. அதன் பின்னரே, மாமியாருடன் வாழும் தாய்மாரின் பங்கேற்பு எவ்வாறு வேறுபடுகிறது என்பதைக் கணக்கெடுப்புத் தரவில் தேட முடிந்தது. கேட்கப்படாத வினாவுக்கு எந்தப் புள்ளியியலும் விடை தராது.

பண்புசார் முறையின் வரம்பு

பண்புசார் முறையும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. உதவி தொடர வேண்டும் என்னும் எண்ணத்தால் பயனாளி, கேட்போர் விரும்பும் விடையையே அளிக்கக்கூடும். ஆய்வாளரும் தமக்கு உகந்த கூற்றுகளை மட்டும் மேற்கோள் காட்டக்கூடும். முதற்குறையைக் குறைக்கும் பொருட்டே, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் உருவான நெறிமுறையொன்று, எந்தத் திட்டம் மதிப்பிடப்படுகிறது என்பதைக் களஆய்வாளருக்கே தெரிவிக்காமல் நேர்காணல்களை நடத்துகிறது. இரண்டாம் குறைக்குத் தீர்வு, முரண்பட்ட கூற்றுகளையும் மறைக்காமல் பதிவுசெய்வதாகும்.

முடிவுரை

2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை மதிப்பிடும் ஆய்வாளர், மாதம் 1000 ரூபாய் வந்ததா என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அத்தொகையை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுப்பவர் யார் என்பதையும், அப்பெண்ணிடம் தனித்துக் கேட்க வேண்டும். வினாநிரல் அச்சாகும் முன்பே இத்தகைய களஉரையாடல் நிகழ்தல் வேண்டும். பண்புசார் முறைக்குரிய இடம் அறிக்கையின் பின்னிணைப்பு அன்று, ஆய்வின் தொடக்கமே.