தங்கவயல் காகிதங்களும் நன்னூல் சொன்ன குற்றங்களும்

நூலுக்கு வரும் குற்றங்கள் பத்து என்று பவணந்தி முனிவர் நன்னூலில் எண்ணி வைத்தார். அவரை ஆதரித்த சீயகங்கன் கங்கர் குடியினன். கங்கர்களின் பழைய தலைநகரான குவளாலபுரம் நம்முடைய கோலார்தான். அந்த உரிமையில் தங்கவயலுக்கு வந்த ஆபீஸ் காகிதங்களை அந்த அளவுகோலால் அளந்து பார்க்கிறேன். நூலுக்குச் சொன்னது கடிதத்துக்குப் பொருந்துமா என்று புலவர்கள் கேட்கலாம். கேட்கட்டும்.

அப்போது நடப்பில் இருந்த 1985ஆம் வருஷத்துச் சட்டப்படி நஷ்டத்தில் விழுந்த கம்பெனிக்கு ‘சிக் கம்பெனி’ என்று பெயர் இருந்தது. 1992இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அந்தக் கணக்கில் போயிற்று. பாறைத் தூசி ஏறி நெஞ்சு இறுகிப்போனவர்கள் லைன் வீடுகளில் இருமிக்கொண்டிருந்த ஊரில், நோயாளி என்ற பட்டம் கம்பெனிக்குக் கிடைத்தது! 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபோது தொழிலாளிக்கான தொகைக்கு ‘ஸ்பெஷல் டெர்மினல் பெனிபிட்ஸ் பேக்கேஜ்’ என்று பெயர் வைத்தார்கள். வேலை போயிற்று என்ற சேதி அதில் எங்கே இருக்கிறது? இதைத்தான் மயங்க வைத்தல் என்றார் முனிவர்.

ஆங்கிலத்தின் மேல் பழி போடவில்லை. ஷாப்ட், கேஜ், ஷிப்ட் எல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத நம் பெரியவர்கள் வாயில் தமிழாகவே புழங்கின. கேஜை ஏற்ற, இறக்க, நிறுத்த மணியடிதான் பேச்சு. எண்ணிக்கை பிசகினால் உயிர் போகும்.

சில வருஷம் முன்பு ஒரு பழைய அண்டர்கிரவுண்ட் தொழிலாளி ஏதோ ஒரு அலுவலகத்தின் இரண்டு பக்கக் கடிதத்தோடு என் கடைக்கு வந்தார். “நயினாரே, துட்டு வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க” என்றார். மூன்று தரம் படித்தேன். முதல் பக்கம் முழுக்கப் ‘பரிசீலிக்கப்படும்’, ‘தெரிவிக்கப்படும்’ என்கிற தோரணை. யார் பரிசீலிப்பார் என்று இல்லை. இரண்டாம் பக்கத்து அடியில், ஒரு சான்றிதழை முப்பது நாளுக்குள் தரவேண்டும் என்றிருந்தது. இருபத்தாறு நாள் ஓடிவிட்டது. மிகைபடக் கூறலும் குன்றக் கூறலும் ஒரே உறையில்!

மரியாதைக்காக அப்படி எழுதுகிறோம் என்று குமாஸ்தா நண்பர் ஒருவர் சாதித்தார். ‘சான்றிதழ் கொண்டு வாருங்கள்’ என்பதில் மரியாதைக்கு என்ன குறைச்சல்? பெங்களூருக்கு ரயிலேறி ஆபீஸ் போகும் நம் பிள்ளைகளும் இப்போது அதே தோரணையில்தான் எழுதுகிறார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள்.

கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவரோடு நானே அலைந்தேன். இருபத்தொன்பதாம் நாள் சான்றிதழைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது தந்தார்கள்; அதற்கும் அவர் என்னிடம்தான் அர்த்தம் கேட்டார்.