கட்டியகாரனும் காணா அரசனும்: கமல்ஹாசனின் தொலைக்காட்சிப் பணி பற்றிச் சில குறிப்புகள்

ஊர்காவற்றுறைப் பகுதிக் கத்தோலிக்கக் கிராமங்களில் ஆடப்பட்டு வந்த நாட்டுக்கூத்துக்களில், அரசன் தோன்றுமுன் கட்டியகாரன் வந்து அவன் வரவை அறிவிப்பான். பின்னர் அரசன் வந்தேயாகவேண்டும். வருபவன் ஊரறிந்த கடற்றொழிலாளி என்பதும் சபையோருக்குத் தெரியும். அதிகாரத்தின் வேடத்தையும் வேடந் தாங்கிய மனிதனையும் அவர்கள் ஒருங்கே கண்டனர். கமல்ஹாசன் 2017 முதல் ஏழு பருவங்கள் நடத்திய ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியை இம்மரபோடு ஒப்புநோக்குவது வலிந்து கூறலாகச் சிலருக்குத் தோன்றலாம். எனினும் அந்நிகழ்ச்சியில் நெறியாளர் ஆற்றும் சமூகப் பணி இவ்வொப்பீட்டினாலேயே துலக்கமுறுகின்றது.

1999இல் நெதர்லாந்தில் தோன்றி உலகெங்கும் விற்கப்பட்ட சரக்கொன்றின் தமிழ் வடிவமே இது. வீட்டினுள் ஆணையிடுவது உருவமற்ற குரல். உடனுறைவோரை வெளியேற்றப் பெயர் கூறுமாறு பணிப்பதும் அக்குரலே. அதனாற் பிறக்கும் பூசலை வார இறுதியில் விசாரிப்பவர் நெறியாளர். இவ்விசாரணையிற் கூண்டிலேற்றப்படுவது விதியன்று, விதிக்குட்பட்டோரின் குணம். 2023 நவம்பரில், சகபோட்டியாளரின் முறைப்பாடுகளையடுத்துப் பிரதீப் ஆண்டனி சிவப்பு அட்டையுடன் வெளியேற்றப்பட்டபோது, அவர் பக்கமா நெறியாளர் பக்கமா என்றே பெரும்பாலும் வாதிடப்பட்டது. களத்தை அமைத்த நிறுவனம் வாதத்துக்குப் புறத்தே நின்றது.

இத்தகைய நீதிபதிப் பீடத்துக்கு நம்பகமான ஒருவர் வேண்டும். பகுத்தறிவாளர் என்ற பெயர் கமல்ஹாசனின் நெடுங்கால ஈட்டம். தமிழ்த் திரைப்படத்தை அரசியற் றொடர்புச் சாதனமாக ஆராய்ந்து கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். அவர் கண்ட காலத்தில் நாயகன் கற்பனைக் கதையினுள் நீதி வழங்கினான். இங்கோ கதையும் ‘உண்மை’ எனப்படுகின்றது. 2018 பெப்ரவரி 21இல் மதுரையில் மக்கள் நீதி மய்யத்தைத் தொடங்கியபின்னும் அவர் 2023-24 வரையான பருவங்களை நடத்தினார் என்பது தற்செயலன்று. ஒன்றைச் சொல்லியாகவேண்டும்: 2020ஆம் ஆண்டுப் பருவத்தில் வாரந்தோறும் நல்ல நூல்களை அவர் அறிமுகஞ் செய்தமையை எள்ளும் இடதுசாரி நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நூலகம் எரியக் கண்ட யாழ்ப்பாணத்தார் அதனை இகழ்தல் ஆகாது.

எமக்கு அணுக்கமான உதாரணம் 2019ஆம் ஆண்டுக்குரியது. இலங்கையிலிருந்து லொஸ்லியா, தர்ஷன் ஆகிய இருவர் அவ்வாண்டு பங்குபற்றினர். போட்டியாளர் ஆணைப்படி உறைந்து நிற்கவேண்டிய வாரத்தில், கனடாவிலிருந்து லொஸ்லியாவின் தந்தை வந்தார். பல ஆண்டுகளின் பின் மகளைக் கண்ட அவர், அங்கேயே அவளைக் கடிந்தும் கொண்டார். புங்குடுதீவிலும் வேலணையிலும் இத்தகைய பிரிவை அறியாத வீடுகள் அரியன. எம்மவர் கடல்கடந்தமைக்குப் போர் உண்டு, வேலையின்மை உண்டு, கடன் உண்டு. இவையாவும் அக்காட்சியில் ஒரு தந்தையின் சினமாகவும் மகளின் கண்ணீராகவும் சுருங்கின. பார்த்தோர் அழுதனர், அவ்வழுகை போலியானதன்று. ஆனால் ஏன் பிரிந்தோம் என்ற கேள்விக்கு அந்த வீட்டிலே அறை இல்லை.

2024 ஆகஸ்டில் கமல்ஹாசன் விலக, ஒக்டோபரில் விஜய் சேதுபதி அவ்விடத்தில் நின்றார். குரலுக்குரியவர் முன்போலவே திரைக்கு வரவில்லை. திரைக்கு வராதோர் வேறு சிலரும் உளர். சென்னைப் புறநகரில் அமைந்த அந்தத் தளத்தில், 2018 செப்டெம்பரில், குளிர்சாதனப் பொறி திருத்தும் தொழிலாளி ஒருவர் மேற்றளத்திலிருந்து விழுந்து இறந்தார். எந்நேரமும் எல்லாவற்றையும் காண்பதாகக் கூறப்படும் அவ்வீட்டின் கமராக்கள், அவரைப் போன்றோரைப் படம்பிடிக்கவென்று பொருத்தப்பட்டவையல்ல.