சான்று தேடும் சித்திர உலகம்

ஜப்பானின் அனிமேயும் மங்காவும் தமிழ் வீடுகளுக்குப் புதியவை அல்ல. ஷின்-சானும் டோரேமோனும் குழந்தைகள் தொலைக்காட்சியில் தமிழ் பேசத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கிரஞ்சிரோல் தளம் 2023 முதல் தன் தொடர்கள் சிலவற்றைத் தமிழ்க் குரலிலும் தருகிறது. யுகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கி 1993-இல் வெளிவந்த ராமாயண அனிமே, 2025 ஜனவரி 24 அன்று தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ‘டீமன் ஸ்லேயர்’ படத்தையும் தமிழில் பார்க்க முடிந்தது. இவற்றைப் பற்றி நம்பகமான ஒரு குறிப்பைத் தமிழில் தேடுபவருக்கு முதலில் கிடைப்பது தமிழ் விக்கிப்பீடியாவில் தன்னார்வலர்கள் எழுதிய பக்கம்தான். அந்தப் பக்கங்கள் மெலிந்திருக்கின்றன என்றால் எழுதுபவர்களிடம் ஊக்கம் இல்லை என்று பொருளாகாது. அவர்கள் மேற்கோள் காட்டத்தக்க அச்சுச் சான்றைத் தமிழ்ப் பதிப்புலகம் உருவாக்கித் தரவில்லை. ஆகவே இந்தத் துறையின் குறையைத் தீர்க்கும் பொறுப்பில் பாதி, விக்கிப்பீடியாவுக்கு வெளியே இருக்கிற நம்முடையது.

இத்தகைய பக்கங்களை எழுதிப் பேணும் வேலையின் தன்மையை ஆங்கில விக்கிப்பீடியாவில் தெளிவாகக் காணலாம். அங்கே அனிமே, மங்காவுக்கெனத் தனி விக்கித்திட்டம் ஒன்று நெடுங்காலமாக இயங்கி வருகிறது. கட்டுரைகளைத் தரம் பிரிப்பது, எந்த மூலத்தை ஏற்கலாம் என்று பட்டியலிடுவது, கதாபாத்திரங்கள் உண்மையில் வாழ்ந்தவர்கள் போல எழுதப்பட்ட பகுதிகளைத் திருத்துவது ஆகியவை அத்திட்டத்தினரின் அன்றாடப் பணிகள். மூலங்களில் அவர்கள் காட்டும் கண்டிப்புக்கு ஒரு சான்று போதும். அனிமே நியூஸ் நெட்வொர்க் தளத்தின் செய்திகளையும் விமர்சனங்களையும் ஏற்கும் அவர்கள், அதே தளத்திலுள்ள கலைக்களஞ்சியப் பகுதியை ஏற்பதில்லை. அதை வாசகர்களே நிரப்புகிறார்கள் என்பதுதான் காரணம். இத்துறையில் ஒரு கட்டுரையை எழுதி முடித்துவிட்டு ஓய்வெடுக்கவும் முடியாது. 1997 ஜூலையில் தொடங்கிய எய்ச்சிரோ ஓடாவின் ‘ஒன் பீஸ்’ 2021-இல் நூறாவது தொகுதியைக் கண்டும் முடியவில்லை. ‘பெர்செர்க்’ தொடரை வரைந்த கென்டாரோ மியுரா 2021-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருடைய உதவியாளர்கள், நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் கதையைத் தொடர்ந்தார்கள். இப்படி ஒவ்வொரு மாற்றமும் பல பக்கங்களில் திருத்தம் கேட்கிறது. நம் ஊர்களில் ஏரியை வெட்டியவர்களோடு வேலை முடிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் தூர்வாரிக் கரை கட்டிய குடிமராமத்துதான் நீரைக் காத்தது. கலைக்களஞ்சியத்துக்கும் அத்தகைய பராமரிப்பே உயிர்.

பராமரிப்பு என்பதில் குறைப்பதும் அடங்கும். ஒரு காலத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் போக்கிமோன் உயிரி ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை இருந்தது. வேறு ஏதாவது ஒரு கட்டுரையை நீக்கலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், போக்கிமோனுக்கே இடமிருக்கையில் இதற்கு இல்லையா என்ற கேள்வி வந்து நின்றது. 2007 வாக்கில், பிக்காச்சு போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை பட்டியல்களாகத் தொகுக்கப்பட்டன. அதைச் செய்தவர்களில் பலர் அத்துறையின் ரசிகர்களே. தாம் விரும்பும் பொருளைப் பற்றி எழுதும்போதும், பிறர் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்ற அளவுகோலுக்கு அவர்கள் கட்டுப்பட்டார்கள். ரசிகர்கள் நடத்தும் தனித் தளத்துக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஒரு பாத்திரத்தின் வலிமைகளை வரிசைப்படுத்துவது ரசிகர் தளத்தின் வேலை. அப்படைப்பு யாரால், எப்போது, எந்த இதழில் வந்தது, அதை வாசகர் எப்படி ஏற்றார் என்பதைச் சான்றோடு சொல்வது கலைக்களஞ்சியத்தின் வேலை.

ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் எழுதுபவர்களுக்கு இது கைகூடுவதற்குப் பின்னால் நிறுவனங்களின் உழைப்பு இருக்கிறது. கியோட்டோவில் 2006-இல் திறக்கப்பட்ட பன்னாட்டு மங்கா அருங்காட்சியகம் லட்சக்கணக்கான இதழ்களையும் நூல்களையும் பாதுகாக்கிறது. தோக்கியோவின் மெய்ஜி பல்கலைக்கழகம் மங்கா விமர்சகர் யோஷிஹிரோ யொனெசாவாவின் சேகரிப்பை நினைவு நூலகமாக்கி 2009-இல் திறந்தது. ஜப்பான் அரசின் பண்பாட்டுத் துறையே அனிமே, மங்கா, விளையாட்டுகள் பற்றிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கியுள்ளது. தன்னார்வலர் அங்கே வெற்றிடத்தில் எழுதுவதில்லை. நூலகரும் விமர்சகரும் பத்திரிகையாளரும் விட்டுச்சென்ற தடத்தில் நடக்கிறார்.

தமிழிலும் கலைக்களஞ்சிய மரபு வறண்டதன்று. ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஒருவராகத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910-இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பின் அந்தப் பணியை நிறுவன வழியில் எடுத்துச் சென்றவர்களில் இருவர் கொங்கு மண்ணின் மக்கள். தி. சு. அவினாசிலிங்கம் முன்னின்று அமைத்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. மொடக்குறிச்சிக்கு அருகே மஞ்சக்காட்டுவலசில் பிறந்து, பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியப் பணி செய்தவர் தூரன். அறிஞர்களுக்கான தொகுதிகள் முடிந்ததும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1968 முதல் 1976 வரை குழந்தைகளுக்காக இன்னொரு பத்துத் தொகுதிகளைக் கொண்டுவந்தார். சிறுவர் அறிய விரும்புவதும் பெரியவரின் முழு உழைப்புக்குத் தகுதியுள்ளது என்பதை அவர் செயலில் காட்டியிருக்கிறார். அனிமே பற்றிய கட்டுரையைச் சிறுபிள்ளை விஷயம் என்று ஒதுக்குபவர்கள் இந்த வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இந்த மரபை ஊதியமில்லாத உழைப்பால் தொடர்கிறது. அதன் முன்னோடியான இலங்கைத் தமிழர் இ. மயூரநாதன் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதி, 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதைப் பெற்றார். 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதையொட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தியது. 2017-இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் இதே வரலாறு சொல்லும். 2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் ஊதியம் கொடுத்து ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. நீளமான பக்கங்கள் குவிந்தன. ஆனால் தலைப்புகள் தமிழ் வாசகரின் தேவையை ஒட்டி அமையவில்லை என்றும் நடை செயற்கையாக இருக்கிறது என்றும் பயனர்கள் முறையிட்டார்கள். எழுதியவர்கள் திரும்பி வந்து திருத்தப் போவதில்லை என்பதால் அந்தச் சுமை தன்னார்வலர் தோளில் விழுந்தது. தானியங்கி வழியே ஏற்றப்பட்ட ஊர்க் கட்டுரைகளின் நிலையும் இதுதான். பேரூராட்சியாக இருந்த கருமத்தம்பட்டி 2021-இல் நகராட்சியானது. அந்த மாற்றத்தைப் பக்கத்தில் பதிய ஊரை அறிந்த ஒருவர் கை வைத்தாக வேண்டும்.

அனிமே, மங்காவுக்கு இங்கே என்ன எழுத வேண்டும் என்பதை நம் சொந்தச் சித்திரக்கதை வரலாறு காட்டுகிறது. 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய ஒரு கதை, 1972-இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் வழியே ‘இரும்புக்கை மாயாவி’யாகத் தமிழுக்கு வந்து தலைமுறைகளின் நினைவில் நிலைத்தது. 1984-இல் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் அதே ஆண்டு பிறந்து 2005 வரை வந்தது. மாயாவியை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்பதை எந்த மொழிக் கலைக்களஞ்சியமும் சொல்லிவிடும். சிவகாசியில் மாயாவிக்குக் கிடைத்த மறுவாழ்வைத் தமிழ்தான் சொல்ல முடியும். அதைச் சொல்ல முற்படும்போது சான்றுக்குத் தட்டுப்பாடு வருகிறது. லயன் காமிக்ஸில் விஜயன் எழுதிய ‘சிங்கத்தின் சிறு வயதில்’ தொடர் அரிய தகவல் சுரங்கம். ஆனால் பதிப்பாளர் தன் பதிப்பகம் பற்றி எழுதுவதைத் தகவலுக்குப் பயன்படுத்தலாமே தவிர, பொருளின் குறிப்பிடத்தக்கமைக்கு, அதாவது தனிக் கட்டுரைக்கான தகுதிக்கு, சான்றாகக் கொள்ள இயலாது; அதற்குத் தொடர்பில்லாத மூன்றாமவர் எழுதியிருக்க வேண்டும். நம் இலக்கிய இதழ்கள் சித்திரக்கதைக்கு ஒதுக்கிய பக்கங்கள் மிகக் குறைவு. நாளை அனிமே தமிழ்க் குரல்களின் வரலாற்றை எழுத வருபவருக்கும் இதே வறட்சி காத்திருக்கிறது.

அனிமே, மங்கா பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்பதற்கு எதிரான முதல் வாதம், சங்க இலக்கியத்திலும் அறிவியலிலும் எழுத வேண்டியவை மலைபோல் கிடக்கும்போது பொம்மைப் படங்களுக்கு உழைப்பு எதற்கு என்பது. தன்னார்வ உழைப்பு ஒரு துறையிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் நடக்கூடியதன்று. மங்கா பற்றி எழுத வரும் இளைஞரைத் தடுத்தால் அவர் குறுந்தொகை பற்றி எழுதப் போவதில்லை, எழுதாமலே போய்விடுவார். எழுதவிட்டால் மேற்கோள் தருவதையும், பேச்சுப் பக்கத்தில் பண்போடு வாதிடுவதையும், பிறர் திருத்தத்தை ஏற்பதையும் கற்றுக்கொள்வார். இந்தப் பழக்கங்கள் எந்தப் பொருளுக்கும் உதவும்.

இரண்டாவது வாதம் வலுவானது. அனிமே பார்ப்பவர்கள் ஆங்கிலத்தில் படித்துக்கொள்கிறார்கள், இயந்திர மொழிபெயர்ப்பும் கைக்கு வந்துவிட்டது, தமிழில் தனியே எதற்கு என்று அது கேட்கிறது. ஆங்கிலக் கட்டுரையின் நகலாகவே தமிழ்க் கட்டுரை இருக்குமானால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. எந்தத் தொடர் எந்த ஆண்டில், எந்த அலைவரிசையில் தமிழில் வந்தது, வசனத்தை எழுதியவர் யார், குரல் கொடுத்தவர்கள் யார், எதை மாற்றினார்கள், வாசகரும் விமர்சகரும் என்ன சொன்னார்கள் ஆகிய செய்திகள் ஆங்கிலப் பக்கத்தில் இல்லை. அங்கே இல்லாததை எந்த இயந்திரமும் மொழிபெயர்த்துத் தர முடியாது.

மூன்றாவதாக, சான்று இல்லையென்றால் சான்று கேட்கும் விக்கிப்பீடியா விதியைத் தளர்த்தலாமே என்று சிலர் கேட்கலாம். சிறிய மொழிகளுக்கும் புறக்கணிக்கப்பட்ட துறைகளுக்கும் இந்த விதி அநீதி செய்கிறது என்ற குறையில் உண்மை இருக்கிறது. அச்சில் இடம் பெறாதவர்கள் கலைக்களஞ்சியத்திலும் இடம் பெறாமல் போகிறார்கள். இருந்தாலும் விதியைத் தளர்த்தினால் விளம்பரமும் வதந்தியும் அதே வாசல் வழியே நுழையும். நினைவிலிருந்து எழுதியதை அடுத்து வருபவர் சரிபார்க்க வழியில்லை. சரிபார்க்க முடியாததைப் பராமரிக்கவும் முடியாது. அநீதியைக் களைய வேண்டிய இடம், சான்று பிறக்கும் அச்சுலகம்.

ஆகவே வேண்டுகோள்கள் விக்கிப்பீடியாவுக்கு வெளியே உள்ளவர்களை நோக்கியே அமைகின்றன. சித்திரக்கதை வெளியிடுவோர் ஒவ்வொரு இதழிலும் மூலப் படைப்பின் பெயர், எழுத்தாளர், ஓவியர், மூல ஆண்டு, மொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றை அச்சிட வேண்டும். தொலைக்காட்சிகளும் இணையத் திரைகளும் தமிழ் வசனகர்த்தாவின் பெயரையும் குரல் கலைஞர்களின் பெயர்களையும் படத்தின் முடிவில் காட்ட வேண்டும். கல்லூரித் தமிழ்த் துறைகள் சித்திரக்கதையையும் அனிமேயையும் ஆய்வுப் பொருளாக ஏற்க வேண்டும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், நூலகம் நிறுவனம் போன்றவை பேணும் அச்சுச் செல்வத்தோடு, பரணில் கிடக்கும் பழைய காமிக்ஸ்களும் சேர வேண்டும். இலக்கிய இதழ்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இத்துறைக்கு நேர்மையான விமர்சனப் பக்கங்களை ஒதுக்க வேண்டும். அத்தகைய ஒரு கட்டுரை இதழில் வந்தால், அதைப் பயன்படுத்தி விக்கிப்பீடியாவில் பல பக்கங்களைச் செப்பனிட ஆட்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். கூலி கேட்காமல் உழைப்பவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடியதும் கொடுக்க வேண்டியதும் மேற்கோள்தான்.