சுபாவம், வளர்ப்பு, அடுக்களை

‘அவரு சுபாவமே அப்படி’ என்கிற வாக்கியத்தை நம் வீடுகளில் யார், எப்போது சொல்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய ஆண் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டு எழுந்து போகிறபோது, அதை எடுக்கக் குனிகிற மனைவிதான் பெரும்பாலும் சொல்கிறாள். ‘மாமியார் வளர்த்த வளர்ப்பு’ என்பது இதன் இன்னொரு வடிவம். முன்னது பழியை இயற்கையின்மீது போடுகிறது. பின்னது இன்னொரு பெண்ணின்மீது. இரண்டிலும் ஆண் தப்பித்துக்கொள்கிறான்.

திருவண்ணாமலை மாடவீதிகளில் காலை நடை போகிற ஓய்வுபெற்றவர்களிடம் இதுபற்றிப் பேச்சுக்கொடுத்திருக்கிறேன். ‘ரேஷன், கரண்ட் பில்லு, மார்க்கெட்டு எல்லாம் நான்தான் பாக்கறேன்’ என்பார்கள். உள்வேலை? ‘அதுக்கு அவ இருக்கா.’ ஒருவர் மட்டும், ‘எங்கம்மா தண்ணி மொண்டு குடிக்கக்கூட வுட்டதில்ல சார், இப்ப போய் எங்க கத்துக்கறது?’ என்றார். வெளியில் தெரிகிற வேலை பொறுப்பு. உள்ளே கரைந்துபோகிற வேலை சுபாவம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்தப் பிரிவினையை எண்களில் தருகிறது. ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2021இல் 60 ஆனது. அடுக்களைக்கு அப்படியொரு அரசாணை கிடையாது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, வளர்ப்பு உடம்பில் படிந்து பழக்கமாகி, பிறகு ‘நான் இப்படித்தான்’ என்கிற இயல்பாகத் தோற்றம் கொள்வதைப் பேசினார். சுபாவம் என்பது தான் வந்த வழியை மறந்துபோன வளர்ப்பு என்று இதை நாம் வாசிக்கலாம். அப்படியானால் வளர்ப்பு தலைவிதியா? இந்த ஊரே ஒரு எதிர்ச்சான்றை வைத்திருக்கிறது.

1896இல் மதுரையில் சித்தி பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய வேங்கடராமன் என்கிற பதினாறு வயதுப் பையன்தான் பின்னாளில் ரமணர். மலையில் இருந்த காலத்தில் பிச்சைச் சோறும் பிறர் கொண்டுவந்த சோறும்தான் அவருக்கு. கணவரையும் பிள்ளைகளையும் இழந்து வந்த எச்சம்மாள் பல பத்தாண்டுகள் சோறு சுமந்திருக்கிறார். தாய் அழகம்மாள் மலைக்கு வந்து சமையலைத் தொடங்கினார். அப்பளம் இட ஒத்தாசைக்கு வரும்படி அம்மா கூப்பிட்டபோது மகன் ‘அப்பளப் பாட்டு’ பாடினார் என்பது பிரசித்தம். மாவும் உளுந்தும் வேதாந்தமாகிவிட்டன. பாட்டின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மா கேட்டது அப்பளத்துக்கு ஒரு கை. கேட்கப்பட்ட உழைப்பு உருவகமாகத் திரும்பி வருகிறது. ஆண் தமிழ் நெடுங்காலமாகத் தேர்ச்சி பெற்றிருக்கிற வித்தை இது.

கதை இதோடு முடிந்திருந்தால் ‘வளர்ப்பு’ வாதம் வென்றிருக்கும். 1922இல் அழகம்மாள் மறைந்தார். மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்தது. நாற்பதைத் தாண்டிய அதே மனிதர் விடியுமுன் எழுந்து காய் நறுக்கவும், அரைக்கவும், கிண்டவும் தொடங்கினார். தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கினார். கத்தரிக்காய்க் காம்பைக்கூட வீணாக்கக் கூடாதென்றார். சாந்தம்மாள், சுப்புலட்சுமி அம்மாள், சம்பூரணம்மாள் போன்ற விதவைப் பெண்கள் அவரிடம் சமையல் பழகியதாகச் சொல்லும் நினைவுக் குறிப்புகள் உள்ளன. எனவே கை பழகும். வயது ஒரு தடையல்ல, வளர்ப்பும் அல்ல.

ஆனால் இந்தப் பிரதியை இன்னொரு முறை வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒரே அடுக்களை, ஒரே கத்தரிக்காய். ரமணர் நறுக்கினால் அது உபதேசம். விதவைகள் நறுக்கினால் சேவை. ஊருக்குள் இருக்கிற மனைவி நறுக்கினால் அதற்குப் பெயரே இல்லை. பகலெல்லாம் சமைத்த பெண்கள் இரவில் ஆசிரமத்தில் தங்க அனுமதியில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ரமணர் அடுக்களைக்குள் நுழைய முடிந்தது அவர் கணவனாக இல்லாததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. துறவி கரண்டி பிடித்தால் ஆண்மைக்குச் சேதமில்லை, ஏனென்றால் அந்த ஆட்டத்திலேயே அவர் இல்லை. கோயில் மடப்பள்ளியிலும் கல்யாணப் பந்தியிலும் ஓட்டலிலும் ஆண் சமைக்கிறான். அங்கே கடவுளோ கூலியோ அவனுக்குக் காவல். சம்சாரி தன் வீட்டில், தன் மனைவிக்காகச் சமைக்கும்போது மட்டும்தான் ‘பொண்டாட்டிக்கு அடங்கினவன்’ ஆகிறான்.

ஆகவே முதிய ஆண்களைத் தடுப்பது கற்றுக்கொள்ள முடியாமை அல்ல, பெயர் கெட்டுவிடும் என்கிற அச்சம். மனைவி படுக்கையில் விழுந்தால் ஒரே மாதத்தில் ரசமும் கஞ்சியும் வைக்கக் கற்றுக்கொள்கிறவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்போது ஊர் ‘பாவம், மனுசன் எவ்ளோ கஷ்டப்படறாரு’ என்று உச்சுக்கொட்டும். அதே வேலையை நாற்பது வருஷம் செய்தவளுக்காக யாரும் உச்சுக்கொட்டியதில்லை. குணவேறுபாடு இல்லையென்று சொல்ல வரவில்லை. ஒருவர் பொறுமைசாலி, ஒருவர் முன்கோபி, ஒருவருக்குச் சுத்தம் பித்து. ஆனால் பொறுமைசாலிப் பெண்ணும் முன்கோபிப் பெண்ணும் சேர்ந்தேதான் பாத்திரம் கழுவுகிறார்கள். சுபாவம் ஆணுக்கு மட்டும் விதிவிலக்குப் பெற்றுத் தருகிறதென்றால் அது சுபாவமல்ல, சலுகை.

2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் ஆயிரம் ரூபாய், வீட்டுப் பெண்ணின் உழைப்பை ‘உரிமை’ என்ற சொல்லால் அங்கீகரித்தது. முக்கியமான சொல்தான். ஆனால் தொகை உழைப்புக்கு ஒரு விலையைத் தொட்டுக்காட்டுகிறதேயொழிய, உழைப்பைப் பங்கிடவில்லை.

கார்த்திகை தீபத்தன்று மலையில் சுடர் ஏறும் நேரத்தில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தருகிறார். பாதி பெண்ணான ஆணைக் காண இத்தனை லட்சம் பேர் கூடுகிற ஊர் இது. தை மாதத்தில் இதே ஊர் திருவூடல் தெருவில் அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதும் விழாதான். ஊடலுக்குக் காரணமாகப் புராணம் சொல்வதை விட்டுவிடுவோம். வீடுகளில் அந்தக் கதவைச் சாத்த வாய்ப்பில்லாதவர்கள்தான் ‘அவரு சுபாவமே அப்படி’ என்கிறார்கள். அந்த வாக்கியத்தை அவர்கள் சொல்லாமல் விட்டால், தட்டு எத்தனை நாள் அங்கேயே கிடக்கும் என்பதை நாம் பார்க்க வேண்டும்.